முதல் இதழில் புதுப் பின் அடித்தது பற்றி

என்னை எல்லோரும் சாமி அத்தை என்று அழைப்பார்கள். வயது ஐம்பத்தாறு. எட்டாவது வரை படித்திருக்கிறேன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால், சைக்கிள் கடை மாடியில், கல்யாணம் செய்துகொள்ளாத என் தம்பியோடு குடியிருக்கிறேன். தம்பி கடிகாரம் பழுது பார்ப்பவன். முப்பது வருடமாகப் பழைய காமிக்ஸ் சேர்க்கிறான். அதைப் பற்றி நான் சொன்ன மற்றதெல்லாம் வழக்குக்கு வேண்டாம் என்று, இந்த வாக்குமூலத்தை எழுதும் காவல் நிலைய எழுத்தர் ஐயா விட்டுவிட்டார்.

தம்பியின் கண் ஆபரேஷனுக்காக ஒரு காமிக்ஸின் முதல் இதழை விற்க முடிவு செய்தோம். பழைய புத்தக வியாபாரி அதை வாங்கிப் போய் இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு, உறை போட்டுத் திருப்பிக் கொடுத்தார். "எல்லாம் நல்லாருக்கு அண்ணே. நடுப்பக்கத்துல அடிச்ச பின்னுதான் துரு. அதுக்குக் கொஞ்சம் குறைச்சுப்பேன்" என்றார். வியாபாரிகள் குறை சொல்லியே வாங்கிப் பத்து மடங்குக்கு விற்பார்கள் என்று தம்பி ஒரு வாரம் புலம்பினான். உறையைப் பிரிக்கவேயில்லை. அதன் பிறகு, தம்பி கடைக்குப் போயிருந்த நேரத்தில், நான் சாமியைக் கும்பிட்டுவிட்டு, துருப்பிடித்த இரண்டு பின்களையும் கத்தி முனையால் நெம்பி எடுத்து, அதே ஓட்டைகளில் புதுப் பின்களைச் செருகி மடக்கினேன். காகிதம் கிழியவில்லை. விலை கூடியதும் சொல்லலாம் என்று இருந்தேன்.

அதன் பிறகு, வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு வியாபாரி பணத்தோடு வந்து, பூதக்கண்ணாடி வைத்து நடுப்பக்கத்தைப் பார்த்தார்.

"பின்னை மாத்திட்டீங்களேண்ணே! துருவோட இருந்தாக்கூட அது அசல். இனிமே இது ரிப்பேர் பண்ண புத்தகம். பத்துல ஒரு பங்குதான் தருவேன்."

"உன் கடையிலதான்டா ரெண்டு நாள் இருந்துச்சு. நீயே மாத்திட்டு விலையைக் குறைக்கிறியா?" என்று தம்பி கத்தினான்.

"தொண்ணூறு வயசுத் தாத்தாவுக்குப் பல்லு கட்டிவிட்டு, மாப்பிள்ளைன்னு என் தலையில கட்டப் பாக்குறீங்க" என்று வியாபாரி சிரித்தார்.

தம்பி அவரைப் பிடித்துத் தள்ளினான். அவர் தலை இரும்பு அலமாரியின் முனையில் மோதியது. விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. அதுவரை நான் கையில் காபித் தம்ளரோடு நின்றிருந்தேன். "நான்தான்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். தம்பியின் முகத்தைப் பார்த்துப் பயந்து சொல்லவில்லை.

அதன் பிறகு, தம்பியைப் பிடித்து வைத்திருந்த காவல் நிலையத்துக்கு அவனுடைய காமிக்ஸ் நண்பர்கள் ஏழு பேர் வந்து, வியாபாரிகள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று அவனுக்காகப் பேசினார்கள். நான் கம்பிக்கு வெளியே நின்று அவனிடம் சொன்னேன்.

"அந்தப் பின்னை மாத்துனது நான்தான்டா தம்பி."

அவன் கம்பி கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினான். "இப்ப சொல்லி என்னக்கா ஆகப்போகுது? அவன் மாத்துனதாவே இருக்கட்டும். எனக்குச் சொல்றதுக்கு அது ஒண்ணுதான் இருக்கு."

அதன் பிறகு மருத்துவமனைக்குப் போனேன். வியாபாரிக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை. "எங்க வீட்டுக்காரரு நிஜமாவே ஏமாத்தினாராம்மா?" என்று அவர் மனைவி என் கையைப் பிடித்துக் கேட்டார். இல்லை என்று சொன்னேன். அங்கிருந்து நேராக இங்கே வந்தேன்.

இது என் தம்பிக்கு எதிராகவே போகும் என்று ஆய்வாளர் இரண்டு தடவை சொன்னார். படித்துக் காட்டினார்கள், கேட்டேன். கூட்டிச் சொன்னதும் மறைத்ததும் ஏதுமில்லை. யாரும் மிரட்டவில்லை. தெரிந்தேதான் கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்)
சாமி அத்தை