இருநூற்றுப் பன்னிரண்டாம் வளையம்

வௌவால் பிடிக்கிறவன் நகத்தை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். அதன் இறக்கைத் தோல் வெங்காயச் சருகு மாதிரி, லேசாகக் கீறினாலே கிழிந்துவிடும். இருபத்தெட்டு வருஷமும் ஞாயிறு தவறாமல் நகம் வெட்டிக்கொண்டேன். என் கையில் ஒன்றுக்குக்கூட இறக்கை கிழிந்ததில்லை.

அம்மா, நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள். ஐயா இருந்த நாற்காலியில் இன்று நீங்கள் இருக்கிறீர்கள், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நாற்பது தாண்டிக் கற்ற எழுத்து, கோணல்மாணலாகத்தான் வரும்.

ஐயா கல்லூரிக்கு வந்த புதிதில் விலங்கியல் துறையில் கடைசி ஆள். பின்பக்கத்துப் பழைய தண்ணீர்ச் சுரங்கத்தில் வௌவால்கள் இருப்பதைக் கண்டுபிடித்து, உள்ளே போக ஆள் தேடினார். கட்டட வேலைக்கு மண் சுமந்துகொண்டிருந்த நாங்கள் சிரித்தோம். என்னைப் பார்த்து, "பயமாப்பா? அது பறவையே இல்ல. குட்டி போட்டுப் பால் குடுக்குது. உனக்கும் எனக்கும் சொந்தம்" என்றார்.

"என் சொந்தக்காரங்க எல்லாரும் தலைகீழாத்தான் சார் தொங்கறாங்க" என்றேன்.

இருமல் வரும்வரை சிரித்தார். மறுநாளிலிருந்து நான் அவர் ஆள்.

வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். நான் உள்ளே போய்ப் பிடித்துத் துணிப்பையில் போட்டு வருவேன். ஐயா வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். எடை போடுவார், முன்கையில் மாட்டிய தகர வளையத்தின் எண்ணைப் படித்து எழுதிக்கொள்வார், விட்டுவிடுவார். முதல் வருஷம் வளையம் போட்டவற்றில் இருநூற்றுப் பன்னிரண்டாம் எண் வருஷம் தவறாமல் வந்தது. அதற்குப் பெரியம்மா என்று பேர் வைத்தோம்.

பதினேழாம் வருஷம் சுரங்கத் தரையில், எச்சத்துக்குள், பெரியம்மாவின் வளையம் கிடந்தது. பக்கத்தில் நாலைந்து எலும்பு. ஐயாவிடம் காட்டத்தான் சட்டைப் பையில் போட்டேன். ஆனால் அவர் மனைவியைப் பறிகொடுத்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. சவரம் செய்யாத முகத்தோடு உட்கார்ந்து, "பெரியம்மா வந்தாளா?" என்று கேட்டார்.

"வந்துட்டாங்க சார், உள்ள இருக்காங்க" என்று வாய் சொல்லிவிட்டது.

திரும்ப உள்ளே போனேன். அதே அளவில் ஒரு பெண் வௌவாலைப் பிடித்து, கொறட்டால் வளையத்தை விரித்து மாட்டி நெரித்தேன். ஐயா அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "இவளாவது இருக்காளே" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த இடத்தில் நீங்கள் இருந்தாலும் அதையே செய்திருப்பீர்கள்.

அதன் பிறகு வருவது வந்தது. இந்த இனத்தில் இத்தனை வயது யாரும் கண்டதில்லை என்று ஐயா எழுதினார். வெளிநாட்டில் கூப்பிட்டார்கள். பேராசிரியரானார், துறைத்தலைவரானார். அவர் எழுதிய புத்தகத்தின் முதல் பக்கத்தில் என் பெயரையும் போட்டார். அதை நானே படிக்க வேண்டும் என்றுதான் முதியோர் வகுப்பில் சேர்ந்தேன். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி என் பெயரைப் படித்த அன்று புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கினேன்.

பெரியம்மா மட்டும் போதவில்லை. மற்றக் கிழங்கட்டைகளும் செத்தன, ஐயா அவற்றையும் விசாரித்தார். பதினோரு வருஷத்தில் பத்தொன்பது வளையம் கை மாறியது.

நீங்கள் ஆராய்ச்சி மாணவியாக வந்த வருஷம், ஐயா கண் ஆபரேஷன் முடித்துத் திரும்பிய மாதம், உங்களிடம் சொன்னார்: "பாப்பா, பெரியம்மா இறக்கையில ஒரு துணுக்குத் தோல் எடு. முதல் வருஷத்துத் துணுக்கு புட்டியில இருக்கு. ரெண்டும் ஒண்ணான்னு பாத்துடு. பழசு எல்லாத்துக்கும் பாத்துடு."

"எதுக்கு சார், வளையம்தான் இருக்கே?" என்றீர்கள்.

"வளையத்தை யாரும் மாட்டலாம்மா. தோலை மாட்ட முடியுமா?"

நீங்கள் இருவரும் சிரித்தீர்கள். நான் பக்கத்தில் பை மடித்துக்கொண்டிருந்தேன்.

பெரியம்மாவை மட்டும் ஒழித்திருக்கலாமே என்பீர்கள். நானும் யோசித்தேன். பத்தொன்பதும் ஒரே வாரத்தில் காணாமல் போனால் சந்தேகம் என்மேல் வரும். எல்லாமே போய்விட்டால், இடம் பிடிக்காமல் கிளம்பிவிட்டன என்றுதான் நினைப்பார்கள். வௌவால் அப்படிப் போவது உண்டு.

செவ்வாய்க்கிழமை மத்தியானம். ஐயா கூட்டத்துக்குப் போயிருந்தார், நீங்கள் தேர்வு அறையில் இருந்தீர்கள். பகலில் அவை தூங்கும். பாடம் செய்த தோல்களுக்குப் பூச்சி அண்டாமல் புகை போட நாம் வைத்திருந்த கந்தகத்தை எடுத்துக்கொண்டேன். சுரங்கத்தின் இரண்டு வாயையும் ஈரச் சாக்கால் அடைத்தேன். முக்கால் மணி நேரம் சத்தம் இருந்தது. பிறகு இல்லை.

அது குட்டி போடும் மாதம். தாய்கள் குட்டிகளை இறக்கைக்குள் பொத்தியபடியே விழுந்திருந்தன. எண்ணச் சிரமப்பட்டேன், இரண்டை ஒன்றாக எண்ணிவிடக்கூடும். பிரித்துப் பார்த்து எண்ணினேன். தாய் முந்நூற்றுப் பதினாறு, குட்டி இருநூற்றுத் தொண்ணூறு. எண்ணாமல் விட மனசு கேட்கவில்லை. சுண்ணாம்பு போட்டுப் புதைத்தேன். போன மாதம் உங்கள் புதுக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டியவர்கள் வளையங்களோடு கண்டது அவற்றைத்தான்.

ஐயா என்னைச் சந்தேகப்படவில்லை. தன்னைத்தான் சந்தேகப்பட்டார். "இத்தனை வருஷம் தூங்க விடாமப் பிடிச்சுப் பிடிச்சு நாந்தான் விரட்டிட்டேன்" என்றார். அதையே கட்டுரையாக எழுதி, தன்னைப் போல யாரும் செய்ய வேண்டாம் என்று முடித்து, பதவியை விட்டார். பிறகு தினமும் சாயங்காலம் சுரங்க வாசலில் நாற்காலி போட்டு அவை வெளியே வரும் நேரத்துக்காகக் காத்திருந்தார். இரண்டு வருஷம். நான் டீ போட்டுக் கொடுத்துப் பக்கத்தில் உட்காருவேன். "இன்னிக்கு வரும்பா" என்பார். "வரும் சார்" என்பேன்.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "கண்ணு சரியானதும் வளையத்துல கொறடுத் தடம் தெரிஞ்சுதுப்பா. எனக்காகத்தான் நீ செஞ்சேன்னு புரிஞ்சுது. சோதனை முடிஞ்சதும் நாந்தான் எண்ணைத் தப்பாப் படிச்சேன்னு எழுதிடலாம்னு இருந்தேன். உன் பேரு வெளிய வராது. அதுக்குள்ள அதுங்க போயிடுச்சு."

பிறகு, "எங்க போயிருக்கும்?" என்று கேட்டார்.

தெரியவில்லை என்றேன். போர்வையை இழுத்துவிட்டேன். சாகக் கிடக்கிறவரிடம் போய் இதையெல்லாம் சொல்வார்களா அம்மா? முப்பது வருஷத்தில் அவர் மனம் நோக நான் ஒரு காரியமும் செய்ததில்லை.