வெள்ளை ஒயினைப் பழசாக்கியவன்

எங்கள் ஊர் ஒயின் வெயில் காலத்துக்கு நல்லது. மஸ்கடே என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். வெளிறிய நிறம், எலுமிச்சைப் புளிப்பு, நாக்கின் ஓரத்தில் கொஞ்சம் உப்பு, இனிப்பு துளியும் கிடையாது. வசந்தத்தில் பாட்டிலில் அடைத்து, அடுத்த கோடைக்குள் பச்சைச் சிப்பியோடு குடித்து முடித்துவிட வேண்டும். எங்கள் அப்பா அப்படித்தான் குடித்தார். அதற்கு மேல் அதில் தேடுகிறவன் முட்டாள்.

என் தம்பி ஜில்தாஸ் தேடினான்.

அப்பாவுக்குப் பிறகு தோட்டம் எங்கள் இருவர் கைக்கும் வந்தது. ஒவ்வொரு அறுவடையிலும் அவன் கொஞ்சம் பாட்டில்களை நிலவறையின் கடைசி மூலையில் படுக்க வைத்தான். பத்து வருஷம் கழியட்டும், பதினைந்து வருஷம் கழியட்டும் என்பான். சிவப்பு ஒயினுக்குச் செய்யலாம். இதற்குச் செய்வது, பறித்த கீரையைப் பெட்டியில் பூட்டி வைப்பது மாதிரி. அவனிடமே சொன்னேன்.

"கீரை இல்லக்கா," என்றான். "நீ ஒருதடவ குடிச்சுப் பாரு, போதும்."

"எல்லாத்தையும் கீழ ஊத்திட்டுப் பாட்டில் கழுவுற நாள்ல குடிக்கிறேன்டா."

அவன் சிரிப்பான். எதற்கும் சிரிக்கிறவன். எனக்கு ஆண்களிடம் பிடிக்காத குணம் அது.

ஆகஸ்ட் கடைசியில் பாரிஸிலிருந்து மதாம் தெலோனே வந்தாள். உணவகம் நடத்துகிறவள். ஒயின் தெரிந்தவர்களுக்கே உரிய அலட்சியத்தோடு கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாள். அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் நாலைந்து பேரும் இருந்தார்கள். ஜில்தாஸ் பெயர் ஒட்டாத பாட்டில் ஒன்றிலிருந்து எல்லோருக்கும் ஊற்றினான். நானும் குடித்தேன். தேன்மெழுகு வாசம், வறுத்த பாதாம், அதற்கு அடியில் ஈரக் கல். விழுங்கிய பிறகும் வெகுநேரம் வாயை விட்டுப் போகவில்லை.

நான்தான் முதலில் பேசினேன். "இது பர்கண்டிப் பக்கத்து ஒயின். பெரிய வீட்டுச் சரக்கு. ஒயின்னா இதுதான்டா, பாத்துக் கத்துக்க."

"நம்மளோடதுதான்க்கா," என்றான் அவன். "அப்பா கடைசியா அறுத்த வருஷம். பதினாறு வருஷமாச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். மதாம் தெலோனே மட்டும் நாகரிகமாகக் கோப்பைக்குள் சிரித்தாள். ஆச்சரியம், ஜில்தாஸ் சிரிக்கவில்லை. மேஜைக்கு அடியில் என் கையைப் பிடித்து லேசாக அழுத்தினான். பரவாயில்லை என்பதுபோல.

நான் செய்ததற்கு அதுதான் காரணம் என்று எழுதிவிடாதீர்கள். அவ்வளவு அற்பமானவள் இல்லை நான். மறுவாரமே அவன், இனி விளைச்சலில் பாதியைப் பத்து வருஷம் நிறுத்தி வைப்போம் என்றான். தோட்டத்தை ஒரு பைத்தியக்காரத்தனத்திலிருந்து காப்பாற்ற வேண்டியிருந்தது. யாராவது ஒருவர் நிதானத்தோடு இருக்க வேண்டுமல்லவா?

மூன்று வாரம் கழித்து அறுவடை முடிந்தது. தரைக்கடியில் எங்களுக்கு நாலு சிமெண்டுத் தொட்டிகள். புளித்துக்கொண்டிருந்த சாற்றை மூன்றாவதிலிருந்து நாலாவதுக்கு மாற்றினோம். காலியானதில் இறங்கிக் கழுவ வேண்டும். சாறு புளிக்கும்போது எழும் வாயுவுக்கு நிறமில்லை, கனம் உண்டு. அடியிலேயே தங்கிவிடும், இறங்குகிறவனை மூச்சடைத்துக் கொன்றுவிடும். அதனால் முதலில் எரியும் மெழுகுவத்தியைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்போம். அணைந்தால் யாரும் இறங்க மாட்டோம். சின்ன வயதிலிருந்து அந்த வேலை என்னுடையது.

உங்கள் அதிகாரி திரும்பத் திரும்பக் கேட்டார், இவ்வளவு கவனமான மனிதர் பார்க்காமல் எப்படி இறங்கினார் என்று. அவன் பார்க்காமல் இறங்கவில்லை. அவனைக் கவனக்குறைவானவன் என்று யாரும் சொல்லக் கூடாது. என்னிடம் கேட்டான்.

மெழுகுவத்தி ஓராள் ஆழம் போவதற்குள் அணைந்துவிட்டது. நான் அதை மேலே இழுத்து, மறுபடி பற்றவைத்து, கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஜில்தாஸ் முழங்கால் பூட்ஸை மாட்டிக்கொண்டு வந்தான்.

"எரிஞ்சுதாக்கா?"

"நல்லா எரிஞ்சுது. எறங்கு."

ஏணியில் ஏழாவது படி வரை அவன் பேசிக்கொண்டே போனான். புதுச் சாறு அருமையாக இருக்கிறது, இருபது வருஷம் தாங்கும் என்றான். பிறகு அடியில் தேங்கிய வண்டலில் ஏதோ விழுந்த சத்தம். நான் மூடியைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய், ரொட்டியில் வெண்ணெய் தடவிச் சாப்பிட்டேன். முக்கால் மணி நேரம் கழித்துத்தான் தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னேன்.

மூலையில் அவனுடைய பாட்டில்கள் எண்ணூறுக்கு மேல் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒன்றைத் திறக்கிறேன். அவன் சொன்னது தவறு என்று உறுதிப்படுத்திக்கொள்ளத்தான், வேறெதற்கும் இல்லை. இதுவரை திறந்தவற்றை வைத்து ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.

கையெழுத்துப் போடுகிறேன், கொடுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். நிலவறைக்கு முத்திரை வைக்கும்போது உங்கள் ஆட்கள் அந்த மூலையைத் தொட வேண்டாம். பாட்டில்களை நிமிர்த்தினால் தக்கை காய்ந்துவிடும். எனக்குப் பதினைந்து வருஷமாவது தருவார்கள் என்று வக்கீல் சொல்கிறார். நான் வெளியே வரும்போது அவை சரியான பதத்தில் இருக்கும்.