பெரட்டுக்கு வந்த கரடி

"அந்தக் கரடி பெரட்டுக்குப் போகவே இல்லையேடி, ரேணு."

தேயிலைத் தோட்டத்தில் காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டில் கரடிக்கு என்ன வேலை? பசறையிலிருந்து பதுளைக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் டியூஷனுக்குப் போகும் இரண்டு பெண்கள். மனச்சோர்வில் கிடக்கும் கரடியைப் பற்றிய ஆங்கிலக் கார்ட்டூன் தொடரை ரேணு பார்த்துவிட்டு, தினமும் பஸ்ஸில் தோழிக்குக் கதையாகச் சொல்கிறாள் என்பது போகப்போகப் புரிந்தது.

"நேத்து மாமா வீட்டுல மூணாவது சீசன் முழுசா பாத்தேன். ஒரே புத்திமதி. நீ சொன்னது எதுவுமே அதுல இல்ல."

ரேணு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ரெண்டாவதோட அது கெட்டுப்போச்சுடி. பரீட்சையில பெயிலானதுல இருந்து நீ போர்வைய விட்டு எந்திரிக்கல. கதைக்காகத்தான் பஸ் ஏறுன. போர்னு சொன்னா திரும்பப் படுத்துருவியேன்னு, நானே..."

"'உடம்பு மட்டுந்தான் வந்திருக்குங்க, மனசு இன்னும் லயத்து வீட்டுல தூங்குது'ன்னு கங்காணிகிட்ட கரடி சொன்னது?"

"நாந்தான்."

"'அப்ப அரைநாள் பேர்தான் போடுவேன்'னு கங்காணி சொன்னது?"

"அதுவும் நாந்தான். கோவமா?"

"லூசு. அவனுங்க எடுத்தத விட உன் கதை எவ்வளவோ மேல. அத பாத்து முடிச்ச பெறகும் நான் இன்னைக்கு எந்திரிச்சு வந்திருக்கேன்ல? சொல்லு, கரடி அப்புறம் என்னா பண்ணுச்சு?"

கம்பியைப் பிடித்து நின்ற அக்கா ஒருவர் அவர்கள் பக்கம் குனிந்தார்.

"கொஞ்சம் சத்தமா சொல்லும்மா. இந்தக் கதைக்காகத்தான் நானும் முந்தின பஸ்ஸ விட்டுட்டு இதுல வாறேன்."