வேப்பமரத்துக்குத் தண்ணீர்

நிவேதிதா: ...அதில்ல துலுக்கானம் அண்ணே, மிஷினுக்குப் பொட்டு வச்சது யாரு?

துலுக்கானம்: நான்தாம்மா. ஆயுத பூஜை இல்ல?

நிவேதிதா: அதுக்காக ஸ்கிரீன் மேலயா? சந்தனமும் குங்குமமும் காய்ஞ்சு ஒரு நம்பரும் தெரியல.

துலுக்கானம்: பின்ன? இந்த ஏ.ஐ. மிஷினு வர்றதுக்கு மின்ன, வாரம் முச்சூடும் லாரித் தண்ணி. வாட்ச்மேன் ஏன் மோட்டார் போடலன்னு ஃபிளாட்டே என்னாண்ட சண்ட. இப்போ மண்ணுல சொருகின குச்சிய வெச்சே எந்தச் செடிக்கு தாகம், எப்போ மோட்டார் போடணும்னு அதுவே பாத்துக்குது. இந்த வருசம் ஒரு லாரி உள்ள வந்துச்சா? போர் வத்துச்சா? அதான் கற்பூரம் காட்டினேன்...

நிவேதிதா: கற்பூரம் வேறயா! மோட்டார் ரூம்லயா!

துலுக்கானம்: தூரமா நின்னுகினுதான்...

நிவேதிதா: எனக்கும் அது மேல நன்றி இருக்கு. இல்லேங்கல. ஆனா உங்க சாமி காலையில ஒரு கேள்வி கேட்டிருக்கு.

துலுக்கானம்: உன்னியவா?

நிவேதிதா: அசோசியேஷன் செக்ரட்டரின்னா என் போனுக்குத்தானே வரும். தலைவர் நாகப்பன் சாருக்கும் போயிருக்கு. "தெற்குச் சுவர் ஓரம் வேப்பமரத்துக்குத் தினமும் தண்ணி விடறேன், மண்ணு நனையவே இல்ல, குழாய் உடைஞ்சிருக்கா, வால்வை மூடவா"ன்னு.

துலுக்கானம்: வேம்பு நல்லா குடிக்கும்மா. மழ வேற இன்னும் புடிக்கல...

நிவேதிதா: தோட்டம் மொத்தமும் குடிக்கிறதைவிட அது ஒண்ணே அதிகமா குடிக்குதாம்.

துலுக்கானம்: பெரிய மரமாச்சே.

நிவேதிதா: அண்ணே... அந்த மரம் டிசம்பர் புயல்லயே விழுந்துருச்சு.

துலுக்கானம்: ...வேர் கீதும்மா. வேர் குடிக்காதா?

நிவேதிதா: என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க.

துலுக்கானம்: சரி... மறைக்கல. மரத்த அறுத்தப்புறம் அதோட பைப்பு சும்மா தரைல கெடந்துச்சு. தூக்கி செவுத்துக்கு அந்தாண்ட போட்டேன். அங்க அங்கம்மா குடியிருக்கற சந்துல எட்டு ஊடு கீது. நம்ம போரு ஆழமா எறக்கினதுலேர்ந்து அவங்க அடிபம்புல காத்துதான் வருது. நாலு கொடம் ரொம்பினா போதும்னுதான் போட்டேன்...

நிவேதிதா: நாலு குடமா அது?

துலுக்கானம்: நான் இன்னா பண்றது! இங்க மண்ணு நனையல, நனையலன்னு அந்த மிஷினே தெனம் ஏத்திகினே போச்சு. இன்னா பெரிய மனசு அதுக்கு! யாரு சாமி குடுக்கறதுன்னு அங்கம்மா கையெடுத்துக் கும்புட்டுச்சு. எங்க மிஷினுன்னேன். அந்தக் குங்குமமே அங்கம்மா குடுத்தனுப்பினதுதான்.

நிவேதிதா: அது சரி... ஆறு மணிக்கு மீட்டிங். வால்வை இன்னைக்கே மூடணும்கிறாரு நாகப்பன் சார். மரம் உயிரோட இருக்குன்னு மிஷினுக்குச் சொன்னது யாருன்னும் கேக்கிறாரு.

துலுக்கானம்: யாராச்சும் சொன்னாத்தான் நம்புமா அது?

நிவேதிதா: பின்ன? அதுக்கு மண்ணுதான் தெரியும். மரத்தை மனுசங்கதான் சொல்லணும்.

துலுக்கானம்: அப்போ நான்னு சொல்லிடும்மா.

நிவேதிதா: வேலை போயிரும்.

துலுக்கானம்: போனா போகுது. எனக்கு வேற வேல கெடைக்கும், அவங்களுக்கு வேற தண்ணி எங்க கெடைக்கும்? என்னைத் தூக்கிட்டு, தண்ணிய மட்டும் உடச் சொல்லு.

நிவேதிதா: மிஷினுக்குப் பதில் சொல்ல டச் போன் வேணும், உங்ககிட்ட பட்டன் போன்தானே இருக்கு? சொன்னா யாரு நம்புவா?

துலுக்கானம்: எரவல் வாங்கினேன்னு சொல்றேன்மா!

நிவேதிதா: புயல் அன்னைக்கு எனக்கு வலி எடுத்தது ஞாபகம் இருக்கா அண்ணே?

துலுக்கானம்: மறக்க முடியுமா? கேட்டாண்ட இடுப்பளவு தண்ணி, ஒரு ஆட்டோ வர்ல. அங்கம்மா ஊட்டுக் கட்டில்ல உன்னைப் படுக்க வெச்சு, அந்தச் சந்து ஆளுங்கல்லாம் தோள்ல தூக்கிகினு மெயின் ரோடு வரிக்கும் வந்தோமே. அங்கம்மா கொடை புட்சிகினு கூடவே வந்துச்சு. பாப்பாவும் நல்லபடியா பொறந்துச்சு... ஆனா அதுக்கும் இதுக்கும் இன்னாம்மா?

நிவேதிதா: ஆஸ்பத்திரியிலேருந்து வந்த மறுநாளு மிஷின் என்கிட்டதான் கேட்டுச்சு, "வேப்பமரம் இருக்கா, லிஸ்ட்லேருந்து எடுத்துறவா"ன்னு. பாப்பாவை மடியில வச்சுக்கிட்டு ஜன்னல் வழியா பாத்தேன்... நீங்க பைப்பைச் சுவத்துக்கு மேல வீசிட்டு இருந்தீங்க, அந்தப் பக்கம் அங்கம்மாக்கா குடத்தோட நிக்கிறாங்க. "மரம் நல்லா இருக்கு, தண்ணி விடு"ன்னு சொன்னது நான்தான் அண்ணே. ஆறு மணிக்கு அதை எந்திரிச்சுச் சொல்லிட்டு, எட்டு வீட்டுக்கும் முறையா ஒரு குழாய் கேக்கப் போறேன். நீங்க வாயைத் திறக்காம என் பக்கத்துல உக்காந்திருங்க, போதும்.