தாசில்தார் வரும்வரை

காத்தாயி: யாரது? படலை அப்படி இடிக்காதீங்க, பிஞ்சுடும்.

மதுரம்: நான்தான் காத்தாயி. மதுரம்.

காத்தாயி: பண்ணையம்மாவா? இந்த மழையில எங்க தெருவுக்கா... ஐயா தேட மாட்டாரா?

மதுரம்: தேடட்டும். நீ கெளம்பு. நாகப்பட்டினத்துக்கிட்ட புயல் ஏறப்போவுதுன்னு ரேடியோவுல சொல்லிட்டான். தெருவே பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டுது.

காத்தாயி: எங்க வீட்டுக்காரரும் புள்ளைங்களும் போயிட்டாங்கம்மா.

மதுரம்: ஆம்பளைய அனுப்பிட்டு நீ காவலா?

காத்தாயி: அவருக்கு இடின்னா பயம்.

மதுரம்: கேலி பண்ற நேரமா இது? மேலண்டைச் சுவரு ஊறிக் கெடக்கு.

காத்தாயி: மூங்கிக் கழிய வச்சு முட்டுக் குடுத்திருக்கேன். நிக்கும்.

மதுரம்: நிக்காதுடி...

காத்தாயி: நிக்கணும்மா. வெள்ளிக்கிழமை தாசில்தார் பாக்க வர்றாரு. பண்ணை நெலத்துல குடியிருக்கிறவங்களுக்கே மனைன்னு கவர்மெண்ட்டு சட்டம் போட்டிருக்கு. வெறுந்தரையக் காட்டி இங்கதான் இருந்தோம்னா, ஐயா ஒத்துக்குவாரா?

மதுரம்: மாட்டார்.

காத்தாயி: அப்புறம்?

மதுரம்: உசிரு போனா பட்டா யாருக்கு?

காத்தாயி: புள்ளைங்களுக்கு. எங்க மாமியாளப் பொதைச்சுட்டு வந்த அன்னைக்கே, குடிசையப் பிரிச்சுக்கிட்டு வாய்க்கா மேட்டுக்குப் போன்னாரு ஐயா. நடவுக்கு ஆளு வேணும்னு விட்டுவச்சாரு. இனிமே விடுவாரா?

மதுரம்: எங்க வீட்டு மாடிக்கு வா. நான் சொல்லிக்கிறேன்.

காத்தாயி: கொல்லையத் தாண்டி என்னை உள்ள விட்டதில்ல. இன்னிக்கு மாடிக்கா?

மதுரம்: காத்தாயி... புயலுக்காக மட்டும் நான் வரல.

காத்தாயி: பின்ன எதுக்கு?

மதுரம்: புயல் தள்ளலேன்னா ஆளு தள்ளும். குடிசை நடுக்கால்ல கயித்தக் கட்டி இழுத்துட்டு, காத்துல விழுந்துச்சுன்னு சொல்லிக்கலாமாம். அவரு பேசினத என் காதால கேட்டேன். யாரை அனுப்புறாருன்னுதான் தெரியல.

காத்தாயி: எனக்குத் தெரியும்மா.

மதுரம்: தெரிஞ்சுமா உக்காந்திருக்க?

காத்தாயி: கயித்தோட வரப்போறது உங்க பண்ணையில இருக்கிற எங்கண்ணன் ரெத்தினம். எம் புருஷன் இருந்தா வெட்டுக்குத்துல முடியும். வருசாவருசம் எனக்குப் பொங்கச்சீர் கொண்டாந்து வச்ச கை... அந்த நடுக்காலைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு நான் நிக்கயில, இழுத்துடுமாம்மா?