மார்லிஸோட மெஷின்

...இல்ல, நான் தெரியாமத்தான் கேக்கறேன், ஒரு பெஞ்ச இப்படியா போடுவாங்க? ஆத்துக்காத்து நேரா முதுகுல அடிக்குது. உள்ள போறவங்களுக்குக் கம்பளம், வெளிய தள்ளினவங்களுக்கு இரும்புப் பெஞ்சு. நீங்க நல்லா உக்காருங்க, என் பைய நகத்திக்கிறேன். சம்சாரம் உள்ள சூதாட்ட மெஷின்ல ஆடறாங்களா? பத்து நிமிஷத்துல வர்றேன்னு சொன்னாங்களா... அப்ப சாவகாசமாவே உக்காருங்க.

என்னைய உள்ள விடமாட்டாங்க. அதோ கண்ணாடிக்குப் பின்னால ஒரு காவலாளி நிக்கிறாரே, அவரு என்னையத்தான் பாத்துக்கிட்டிருக்காரு. எனக்கு அறுபத்தாறு வயசு. ரெண்டு முழங்காலும் ஆபரேஷன் பண்ணி மாத்துனது. அவரத் தாண்டி ஓடவா போறேன்? என் கூட வந்த ரெண்டு சிநேகிதிங்களும், லவானும் மார்லிஸும், மேல ரூம்ல பெட்டி கட்டிக்கிட்டிருக்காங்க. என் பெட்டியயும் அவங்கதான் கட்டணும். என் ராத்திரி கவுனு நாற்காலி மேல கெடக்கு, அதக்கூட யாராவது மடிக்கணும். மானம் போறதுன்னா மொத்தமாப் போயிரணுங்க. இப்படித் துணி துணியாப் போகக் கூடாது.

மூணு பேரும் பள்ளிக்கூடத்துலேர்ந்து சிநேகிதம். மார்லிஸ் அதே பள்ளிக்கூடத்து சமையக்கட்டுல முப்பத்தொரு வருஷம் வேல பாத்து, போன மாசம் ஓய்வு வாங்கினா. ஒரு சனி ஞாயிறு எங்கயாவது கூட்டிட்டுப் போயி உக்கார வைக்கலாம்னு நெனச்சோம். லவான் ஏரிக்கரையில ஒரு மரவீடு சொன்னா. அங்க போயிருக்கலாம். போகாம இந்தச் சின்ன ஊர்ல, ஒரு கெட்ட காப்பியும் செருப்புத் தோல் மாதிரி மாட்டுக்கறியும் போடுற சூதாட்ட விடுதிக்கு மூணு கிழவிங்கள இழுத்துட்டு வர்றதுன்னா... அப்படி ஒரு யோசன சொன்னவளுக்குப் புத்தி வேணாமா?

நான் ஆடலங்க. சத்தியமா. துணைக்குத்தான் வந்தேன். நேத்து பூரா காப்பிக் கோப்பைய ரெண்டு கையாலயும் புடிச்சிக்கிட்டு அவங்க பின்னாலயே நின்னேன். லவானுக்கு ஒரே சிரிப்பு. என்னடி, சர்ச்சுல காணிக்கத் தட்டு வர்றதுக்குக் காத்துக்கிட்டிருக்கிறவ மாதிரி நிக்கிறன்னா. அவ மெஷின்கிட்ட, கறவ மாட்டுகிட்ட பேசற மாதிரி பேசுவா, தட்டிக் குடுப்பா. மார்லிஸ் அப்படியில்ல. தடவைக்கு ஒரு சென்ட்டு மட்டும் கேக்கற மெஷினாப் பாத்து உக்காந்தான்னா இருவது டாலர வச்சு ஒரு காலையவே ஓட்டிருவா. பள்ளிக்கூடத்துல முன்னூறு புள்ளைங்களுக்குக் கொழம்ப நெரவினவளாச்சே.

இன்னிக்குக் காலையில அவ பாத்ரூம் போகணும்னா. மெஷின விட்டு எந்திரிச்சா வேற யாராவது வந்து உக்காந்துருவாங்க. அதனால என்னைய உக்கார வச்சா. எதையும் தொடாத, சும்மா உக்காந்திருன்னா. உக்காந்தேன். நாற்காலி சூடா இருந்துச்சு. ஆட்டத்த ஓட விடற அந்தப் பொத்தான் இருக்கே, அது சும்மா எரியாதுங்க. தூங்கற கொழந்த மூச்சு விடுமே, அந்த மாதிரி எரிஞ்சு எரிஞ்சு அமுங்கும்.

ஒரே ஒரு தடவதான் அமுக்கினேன்.

சரி, ரெண்டு தடவ. நீங்க என்ன எங்க பாஸ்டரா, உங்ககிட்ட மறைக்கறதுக்கு... ஒம்பது தடவ.

பத்தாவதுல உச்சியில வெளக்கு சுத்த ஆரம்பிச்சிருச்சு. மெஷின் அப்படியே நின்னு போச்சு. ஜெயிச்சது நாலாயிரத்து சொச்சம் டாலர். மார்லிஸ் கையத் தொடச்சுக்கிட்டே வர்றா, அந்தப் பக்கத்துலேர்ந்து சாவிக்கொத்தோட ஒரு பொண்ணு வருது, யார் ஆடினதுன்னு கேக்குது. மார்லிஸோட மெஷின்னு நான் சொல்றேன். நான் இல்லவே இல்லம்மா, இவதான் அமுக்கினான்னு மார்லிஸ் சொல்றா. யாரு அமுக்கினாங்களோ அவங்களுக்குத்தான், அது இங்க சட்டம், மேல கேமரா இருக்குங்குது அந்தப் பொண்ணு. நான் வேணாங்கறேன். நீயே வச்சுக்கடி, உன் வீட்டுக் கூரைதான் ஒழுகுதேங்கறா மார்லிஸ்.

உங்களுக்குத் தெரியும்ல, நம்ம பக்கத்துல யாராவது எதையாவது குடுத்தா மூணு தடவ வேணாம்னு சொல்லணும். நாலாவது தடவயும் சொன்னா அது குடுக்கறவங்கள அவமானப்படுத்தற மாதிரி. சுத்தி நின்ன சனமெல்லாம் என்னையப் பாத்து, எவ்வளவு நல்ல பொம்பளன்னு சிரிக்குது. மூணு தடவ சொல்லியாச்சு. நாலாவது தடவ எனக்கு வாய் வரல. அடையாள அட்டையக் கேட்டாங்க. பையத் தொறந்து டிரைவிங் லைசென்ஸ எடுத்துக் குடுத்துட்டேன். மறந்திருப்பாங்கன்னு ஒரு நெனப்பு.

எத மறந்திருப்பாங்கன்னா... ஆறு வருஷத்துக்கு முன்னாடி, இதே கட்டடத்துல, ரெண்டாவது மாடியில, நான் ஒரு காயிதத்துல கையெழுத்துப் போட்டேன். இனிமே என்னைய உள்ள விடாதீங்கன்னு. யாரும் போடச் சொல்லல. நானாத்தான் வந்தேன். அதுல ரெண்டு கட்டம் இருக்கும். அஞ்சு வருஷம், ஆயுசுக்கும். ஆயுசுக்கும்ங்கற கட்டத்துல குறி போட்டேன். அந்தப் பேனா சரியா எழுதலன்னு வேற பேனா கேட்டு வாங்கிப் போட்டேங்க. அவ்வளவு பெரும எனக்கு அன்னிக்கு. என் வயசுக்கு வாசல்ல யாரு அட்டை கேக்கறாங்க, அதான் நேத்து நேரா நடந்து உள்ள வந்துட்டேன். ஆனா அந்தக் காயிதத்துல கையெழுத்துப் போட்டவ ஜெயிச்சா செல்லாது. எனக்கும் இல்ல, மார்லிஸுக்கும் இல்ல.

ஆமா, இந்த ஊரச் சொன்னதும் நான்தான். லவான் ஏரின்னதும், கொசு புடுங்கும்னு சொல்லிட்டேன். ஏப்ரல் மாசத்துல கொசு. அவங்க ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டே சரின்னாங்க.

கம்ப்யூட்டர்ல என் கையெழுத்தக் காட்டறப்ப மார்லிஸ் குனிஞ்சு பாத்தா. தேதியையும் பாத்தா. திட்டல. பணம் போச்சேன்னு ரெண்டு வார்த்த திட்டியிருந்தா நானும் பதிலுக்கு எதாவது சொல்லியிருப்பேன், சாயங்காலத்துக்குள்ள சரியாயிருக்கும். அவ ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. "ஆறு வருஷமா எங்கிட்ட சொல்லணும்னு தோணலியா?"

அப்புறம் மெஷின்ல சொருகி வச்சிருந்த அவ மெம்பர் அட்டைய உருவிக்கிட்டு மேல போயிட்டா.

...அதோ வர்றா. நீலச் சட்டை. ரெண்டு கையிலயும் பெட்டி, அதுல ஒண்ணு என்னுது. லவான் கார் எடுக்கப் போயிருப்பா. நீங்க ஏன் எந்திரிக்கிறீங்க? உக்காருங்களேன். மூணாவது மனுஷர் இருந்தா அவ ஒண்ணும் கேக்க மாட்டா. சம்சாரம் கூப்பிடக்கூட இல்லியே... இல்ல, நீங்க போயி அவங்கள வெளிய கூட்டிட்டு வரப் போறீங்க, மொகத்தப் பாத்தாலே தெரியுது. சரி. போங்க. போங்க.

வா மார்லிஸ். இந்தப் பக்கம் உக்காரு, காத்து படாது. கார் வர்றதுக்குள்ள சொல்லிடறேன். எங்க அக்காவுக்கு ஒடம்புக்கு முடியல, பாத்துட்டு வர்றேன்னு சனிக்கிழமையெல்லாம் என் நாய உன் வீட்ல விட்டுட்டுப் போவேனே, நான் அந்தக் கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி, ஒரு மூணு வருஷம். அக்கா நல்லாத்தான் இருந்தா. நான் இங்கதான் வந்தேன். நீ அவளுக்குன்னு சூப்பு வச்சுக் குடுத்து விடுவ. அத நான்தான் குடிச்சேன், அதோ அந்த கார் நிறுத்தற எடத்துல உக்காந்து, ஒவ்வொரு வாரமும்.

நல்லா இருந்துச்சு, மார்லிஸ்.