பன்னிரண்டும் எட்டும்

மயிலாப்பூரில் பஸ் ஏறி என் முன் சீட்டில் உட்கார்ந்த கணவனும் மனைவியும் குழந்தை உண்டாக வைத்தியம் பார்த்துவிட்டு வருகிறவர்கள். அந்த அம்மாளின் குரல் நாலு சீட்டுக்குத் தாராளமாகக் கேட்கும்.

“லேபுல வெச்சிருக்கிற நம்ம கரு ரெண்டுல, ஒண்ணு மூணு நாள்ல பன்னெண்டு செல்லா பிரிஞ்சிருச்சாம். இன்னொண்ணு எட்டு.”

“பன்னெண்டா! சோக்கா கீது. அதையே வயித்துல வெக்கச் சொல்லு.”

“இன்னாய்யா, ரேஸா வுடுறாங்க? அவசரமா பிரிஞ்சது பெருசும் சிறுசுமா கீதாம். எட்டுதான் ஒரே அளவா கீதாம். டாக்டரம்மா நாளைக்கு அதைத்தான் வெக்கிறாங்க.”

“அது கண்டிப்பா தங்குமா?”

“தங்க சான்ஸ் ஜாஸ்தின்னாங்க. கண்டிப்பான்னு சொல்லல.”

அவர் போனைக் கையில் எடுத்தார்.

“அம்மாகிட்ட சொல்லட்டா?”

“வாயத் தொறக்காத. போன தபா வெச்ச அன்னிக்கே சொல்லிட்ட. அவங்க தெரு பூரா சக்கரைப் பொங்கல் குடுத்தாங்க. தங்கலன்னதும் வீடு வீடா பதில் சொன்னது நானு.”

அடையாறு பாலத்தில் பஸ் ஏறும்போது அவருடைய அம்மாவே போனில் வந்தார்.

“லேபுல இன்னும் ஒண்ணும் சொல்லலம்மா,” என்று சொல்லி வைத்துவிட்டு, மனைவி பக்கம் திரும்பினார்.

“எத்தினி நாளைக்கு இப்டியே சொல்லணும்?”

“வெச்சதுலேர்ந்து பதினாலு நாளு. தங்குச்சான்னு எனக்கே அன்னிக்குத்தான் தெரியும்.”